பிரேக் அக்காவின் மங்கிய கேமராக்கள்

ஓட்டுநர் பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் காலடியில். முதல் பிரேக்கைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இரண்டாவதை அக்கா எப்படியும் மிதித்துவிடுவாள். அதனால் பிரேக் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வரவில்லை.

வயது ஐம்பத்தேழு. ஆள் குள்ளம். உட்கார்ந்தபடி ரோட்டைப் பார்க்க அடியில் ஒரு தலையணை வேண்டும். குரலுக்கு மட்டும் எந்தத் தலையணையும் வேண்டாம். முப்பது வருஷமாக அந்தக் குரல் ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறது.

“முன்னாடி நிக்கிற வண்டிக்கும் உனக்கும் எவ்வளவு தூரம்?”

“கொஞ்ச தூரம் அக்கா.”

“கொஞ்சம்னா? முழக் கணக்கா, மைல் கணக்கா?”

வண்டி கற்க வருபவர் பல் டாக்டராக இருந்தாலும் சரி, பூக்கடைக்காரராக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் ஒரே குறைதான் என்பது அக்காவின் கணிப்பு. கியர் வரும், கிளட்ச் வரும், தூரம் மட்டும் வராது. தூரம் தெரியாதவர் கையில் வண்டியைக் கொடுப்பது, சும்மா நிற்கிற சுவரை வம்புக்கு இழுப்பது என்பாள்.

அப்படிப்பட்டவள் கையில் தூரத்தை அளக்கிற கேமரா ஒன்று கிடைத்தால் விடுவாளா?

கிடைத்த கதை சின்னதுதான். உதிரி பாகங்களுக்காக ஓடாத பழைய கார் ஒன்றைப் பயிற்சிப் பள்ளிக்கு இழுத்து வந்திருந்தார்கள். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கையை விட்டபோது, விறைத்துப்போன துணி ஒன்றில் சுற்றிய கனமான பொருள் தட்டுப்பட்டது. கேமரா. அதுவரை அக்காவுக்குப் படம் எடுப்பதில் ஓர் ஆர்வமும் கிடையாது. சும்மா எடுத்துக் கண்ணில் வைத்தாள். எதிரே நின்ற மெக்கானிக்குக்கு இரண்டு மூக்கு தெரிந்தது. பார்வைக்கு நடுவில் வெளிர் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் மட்டும்தான் இந்த இரட்டிப்பு. லென்சைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருப்பினாள். இரண்டாவது மூக்கு மெல்ல நகர்ந்து வந்து முதல் மூக்கின் மேல் சரியாக உட்கார்ந்தது. வளையத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். மூன்று. உடனே டேப்பை எடுத்து அளக்கச் சொன்னாள். மெக்கானிக் அவளுக்குச் சரியாக மூன்று மீட்டர் தள்ளி நின்றிருந்தார்.

அன்றைக்கு விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்த வகைக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. கேமராவின் முகப்பில் நமக்கு இரண்டு கண் இருப்பதுபோல இரண்டு ஜன்னல். இரண்டிலும் வருகிற காட்சியை, உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு பொட்டுக் கண்ணாடி ஒன்றாகச் சேர்க்கிறது. அந்தக் கண்ணாடிக்குப் பூச்சு பாதிதான். பாதி வெளிச்சத்தை உள்ளே விடும், பாதியைத் திருப்பி அனுப்பும். பூச்சு நன்றாக இருந்தால் கட்டத்துக்குள் இரண்டாவது படம் பளிச்சென்று தெரியும். வயதாகிப் பூச்சு போய்விட்டால் மங்கிவிடும். பழைய கேமரா வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கண்ணாடியைத்தான். இதை அக்கா வண்டி ஓட்டக் கற்க வந்தவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் கேட்கவில்லை. இருந்தும் சொல்லிக் கொடுத்தாள்.

பன்னிரண்டு வருஷத்தில் கூடத்துக் கண்ணாடி அலமாரி கேமராக்களால் நிறைந்துவிட்டது. அதில் இருந்த விருந்துத் தட்டுகள் கட்டிலுக்கு அடியில் குடியேறின. அவளுடைய கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். “விருந்தாளிங்க வந்தா என்ன பண்றது?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். “வந்தா கேமராவைப் பாத்துட்டுப் போகட்டும்” என்றாள் அக்கா. அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் குறைந்துபோனதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

அவள் அழகுக்காக எதையும் வாங்கியதில்லை. எல்லாக் கேமராவும் தீர்க்கப் பார்ப்பது ஒரே சிக்கல்தான், இரண்டு படத்தை ஒன்றாக்க வேண்டும். ஆனால் செய்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அதைத் தீர்த்திருந்தார்கள். ஒன்றில் தூரம் பார்க்க ஒரு துளை, படத்தின் எல்லை பார்க்க இன்னொரு துளை, கண் இங்கும் அங்கும் ஓடவேண்டும். இன்னொன்றுக்கு அடித்தட்டைக் கழற்றி ஃபிலிமைக் கீழிருந்து செருக வேண்டும். அதற்கு மூன்று கை தேவை, கடவுள் கொடுத்தது இரண்டு. வேறொன்றில் வளையத்துக்குப் பதில் மேலே ஒரு பல்சக்கரம், விரல் நுனியால் உருட்ட வேண்டும். “இந்த மனுஷன் ஏன் இப்படிப் பண்ணான்?” என்று கேட்டுக்கொண்டே திருகுகளைக் கழற்றுவதில் அவளுக்கு இருந்த சுகம் சொல்லி மாளாது. காரணம் புரியும் நாளில் இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிடுவாள். முதல் தடவை ஒரு கேமராவைத் திறந்தபோது ஒரு ஸ்பிரிங் துள்ளி ஓடியது. வீட்டையே புரட்டிப் போட்டும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கணவரின் செருப்புக்குள்ளிருந்து கிடைத்தது. அத்தனை நாளும் காலில் ஏதோ குத்துகிறது என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இந்தப் பொருள்கள் பேட்டரி கேட்காது, சார்ஜ் கேட்காது, நடுவழியில் இடம் நிறைந்துவிட்டது என்று கையை விரிக்காது. சரியாகப் பிடித்து, சரியாகத் திருப்பினால், சரியாகச் செய்யும். அக்காவுக்கு அந்த மாதிரி ஆட்களைத்தான் பிடிக்கும். தேர்வில் தேறிய ஒவ்வொருவரையும் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுப்பாள். பயிற்சிப் பள்ளியின் சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். ஒன்றுகூட மங்கலாக இருக்காது.

இந்தப் பைத்தியத்துக்கு அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். மூன்று தெரு தள்ளி பேக்கரி வைத்திருக்கும் மூடி.

மூடி என்பது பட்டப்பெயர். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். லென்சின் மூடி போட்டபடியே இருந்தாலும் பார்ப்பதற்கு எல்லாம் ஜோராகத் தெரியும். இந்தப் புண்ணியவான் தன் சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் ஒரு ரோல் முழுக்க மூடியைக் கழற்றாமலேயே எடுத்துத் தள்ளினான். தங்கை ஒரு வருஷம் பேசவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. அவனும் அதை எடுத்துப் போட முயற்சி செய்யவில்லை, “நல்ல பேருதான், சீக்கிரம் மறக்காது” என்பான்.

இருவரும் சந்தித்ததே ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில்தான். ஒரே கேமராவின் மேல் இரண்டு கை விழுந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. மூடி எடுத்துவிட்டான். அதிலிருந்து அக்காவுக்கு அவன் மேல் ஒரு மதிப்பு. அப்புறம் ஞாயிறு தோறும் காலை வியாபாரம் முடிந்ததும் பேக்கரியின் பின்கட்டில், அடுப்புச் சூட்டில், மாவு மேசையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டுக் கேமராக்களைப் பரப்பி உட்கார்ந்துவிடுவார்கள். மூடிக்கு இடது கண் பழக்கம். ஜன்னல் கேமராவின் இடது ஓரத்தில் இருப்பதால், வலது கண்காரர்களுக்கு மூக்கு வெளியே தப்பித்துவிடும். இடது கண்காரன் மூக்கைக் கேமராவின் முதுகில் அழுத்தித்தான் ஆகவேண்டும். மூடி தொட்ட கேமராவை அந்த மூக்கு அடையாளத்தை வைத்தே சொல்லிவிடலாம். “இவன் மூக்காலதான் படம் எடுப்பான்” என்று அக்கா அவனைக் கிண்டல் செய்யாத ஞாயிறு கிடையாது. வயதில் மூன்று வருஷம் இளையவன் என்பதால் அவன் பதிலுக்கு ஒன்றும் சொல்லமாட்டான், ஒரு பன்னை எடுத்து அவள் முன்னால் வைப்பான்.

சண்டை வந்தது இப்படி.

போன வருஷம் ஆளுக்கொரு கேமராவை மாற்றிக்கொண்டார்கள். அக்காவிடம் இருந்த ஒரு கேமராவின் லென்ஸ் மேல் மூடிக்கு நெடுநாள் கண். பதிலுக்கு அவன் கொடுத்தது அவனிடம் இருந்ததிலேயே உயர்ந்தது. அதற்குள் பார்த்தால் வெளியில் இருப்பதைவிட உள்ளே வெளிச்சம் அதிகமோ என்று தோன்றும், அவ்வளவு தெளிவான கண்ணாடி. அக்கா நாலு படம் எடுத்துப் பார்த்துப் பூரித்துப்போய் அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள். மழைக்காலம் முழுக்க அது அங்கேயே இருந்தது. மழை விட்டு வெளியே எடுத்தபோது ஷட்டர் மெதுவான வேகங்களில் இழுத்துக்கொண்டு நின்றது. அந்த வேலை மூடிக்குக் கைவந்த கலை. “குடுங்க அக்கா, சுத்தம் பண்ணித் தர்றேன்” என்று வாங்கிப்போனவன் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தான்.

ஷட்டர் நன்றாக ஓடியது. அக்கா கேமராவைக் கண்ணில் வைத்தாள். கட்டம் மங்கிப்போயிருந்தது. இரண்டாவது படம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. வளையத்தைத் திருப்பி இரண்டையும் சேர்த்த பிறகும் ஓரத்தில் நிழல் மாதிரி ஒன்று மிச்சம் நின்றது.

அக்காவுக்கு முடிவெடுக்க நேரம் எடுத்துக்கொள்ளும் வழக்கமில்லை. ரோட்டில் அது நல்ல குணம். மறுநாள் காலை பேக்கரியில் கூட்டம் நெரியும் நேரத்தில் போய் நின்றாள். வரிசையைத் தாண்டி நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

“கண்ணாடிய மாத்திட்ட.”

“எந்தக் கண்ணாடி அக்கா?”

“நடிக்காத. நல்ல கண்ணாடி இப்ப உன்கிட்ட இருக்கு. பூச்சு போன பழசு எதையோ இதுல வெச்சுக் குடுத்திருக்க. நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சியா?”

மூடி கையில் இருந்த மாவைத் துடைத்துவிட்டுக் கேமராவை வாங்கினான். இடது கண்ணில் வைத்து வாசல் பக்கம் பார்த்தான். வளையத்தை இரண்டு தடவை முன்னும் பின்னும் திருப்பினான்.

“பளிச்சுனு இருக்கு அக்கா.”

“திருடினவன் வேற என்ன சொல்வான்?”

ரொட்டி வாங்க வந்தவர்கள் வாயில் ஈ நுழைவது தெரியாமல் நின்றார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பிஸ்கட் எடை குறைத்துக் கொடுத்தான் என்று மூடியைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அவன் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் தணிந்த குரலில்தான் பேசினான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கண்ண ஒரு தடவ யார்கிட்டயாவது…”

“என் கண்ணுக்கு என்ன? முப்பது வருஷமா ரோட்டுல இருக்கிற கண்ணு. மூக்கால பாக்கறவன் நீ, என் கண்ணப் பத்திப் பேசாத.”

கேமராவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதோடு பேச்சு அற்றுப்போனது.

அக்கா ஒன்றைச் சொன்னால் அதை நிரூபிக்காமல் விடமாட்டாள். புதுக் கண்ணாடி ஒன்றை வரவழைத்தாள். கேமராவின் தலையைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு புதியதை வைத்து ஒட்டினாள். மூடிவிட்டுப் பார்த்தால் அப்போதும் மங்கல்தான். கண்ணாடி விற்றவனும் கள்ளன் என்று தீர்ப்பு எழுதி, அதைப் பிரித்தெடுத்துவிட்டுப் பழையதையே திரும்ப ஒட்டிவைத்தாள். சந்தேகத்துக்கு அலமாரியில் இருந்த மற்றக் கேமராக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவையும் மங்கல். எல்லாவற்றிலும் அந்த ஓர நிழல்.

“ஈரம்” என்றாள் கணவரிடம். “மழைக்காலத்துல எல்லாத்தையும் ஈரம் தின்னுடுச்சு. கடையில மாத்திர டப்பாவுக்குள்ள சின்னச் சின்னப் பொட்டலமா போட்டிருப்பாங்களே, ஈரத்த இழுக்கிறது, அத சேத்துக் கொண்டு வாங்க.”

அவர் கொண்டுவந்தார். கைநிறையப் பொட்டலங்களை அலமாரிக்குள் வைத்துக்கொண்டே மெல்லக் கேட்டார். “எல்லாமே ஈரத்துல போச்சுன்னா, மூடி மேல தப்பு இல்லையே?”

“அது வேற, இது வேற.”

“உன் கண்ண ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமே?”

“நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?”

அவர் வாயை மூடிக்கொண்டார். முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் அவருக்குக் கைவந்த கலை அது.

இதற்கு முன்பே சாயங்கால வகுப்புகளை அக்கா நிறுத்தியிருந்தாள். எதிரே வருகிற வண்டிகளின் விளக்கெல்லாம் முள்ளு முள்ளாகச் சிதறிக் கண்ணைக் குத்துகிறது, இப்போது வருகிற பல்புகளே அப்படித்தான், எவன் இதையெல்லாம் அனுமதிக்கிறான் என்று திட்டித் தீர்த்திருந்தாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவளைப் படுத்தின. சந்தைக்குப் போனாலும் எடுத்துப் பார்த்த கேமராவைக் காட்ட ஆள் இல்லை. ஒரு தடவை பல்சக்கரம் வைத்த கேமரா ஒன்று, அவள் இதுவரை பார்த்திராத மாதிரி, கைக்குக் கிடைத்தது. “ஏன் இப்படிப் பண்ணான்?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். பக்கத்தில் பழைய சாவிகள் விற்றுக்கொண்டிருந்தவர், “யாரு?” என்றார். அன்றைக்கு எதுவும் வாங்காமல் வந்துவிட்டாள். அவன் இல்லாமல் இது பாதிதான் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் திருடன் திருடன்தான் என்று மனசு இன்னொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றது. தான் சொன்னது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஊர் பார்க்க ஒருவனைத் திருடன் என்று சொல்லியாகிவிட்டது. அது சரியாக இருந்தே ஆகவேண்டும்.

கடைசியில் வழி சொன்னது அவளேதான். கணவரிடம் சொல்லி அனுப்பினாள். வாய்ச்சண்டை எதற்கு, ஒரு டெஸ்ட் வைத்துவிடலாம். இந்தக் கேமராவை வைத்து நான் படம் எடுக்கிறேன், கண்ணாடி நன்றாக இருந்தால் படம் துல்லியமாக வரும், மங்கலாக வந்தால் திருடன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூடியிடமிருந்து ஒரே ஒரு நிபந்தனை வந்தது. ஒரு படம் அக்கா எடுக்கட்டும், அடுத்தது நான் எடுக்கிறேன், மாறி மாறி ரோல் முடிகிற வரை. அக்காவுக்கு மறுப்பு இல்லை. சாட்சிக்கு ஆள் கூடினால் நல்லதுதானே என்று இருந்தது.

பேக்கரிக்கு விடுமுறை நாளில் நடந்தது. விலைப் பலகைக்கு எதிரே கேமராவை முக்காலியில் பூட்டினார்கள். லென்சை முழுக்கத் திறந்து வைத்தார்கள். அப்போதுதான் தூரம் கொஞ்சம் பிசகினாலும் படம் காட்டிக்கொடுக்கும். நடுவர் கணவர். ஒருவர் எடுத்து முடித்ததும் வளையத்தைப் பழையபடி கோடிக்குத் திருப்பி வைப்பது அவர் வேலை. அக்காவும் மூடியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் எடுத்ததும் விலகுவாள், அவன் வந்து மூக்கை அழுத்துவான். ஒவ்வொரு தடவையும் அவன் நொடியில் முடித்துவிட்டுப் போனான். அவளுக்கு வளையத்தைப் பிடித்துத் துழாவ வேண்டியிருந்தது. அதையும் அவள் தன் பக்கத்து ஆதாரமாகவே எடுத்துக்கொண்டாள். மங்கிய கண்ணாடியில் ஒருத்தி இவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கிறதே, இவன் பார்க்காமலேயே எடுத்துத் தள்ளுகிறானே, மாட்டுவான் என்று நினைத்தாள்.

ஃபிலிமை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிய அளவில் போட்டுத் தரச் சொன்னார்கள். வாங்கி வந்தவள் அக்காதான். அடுத்த வகுப்புக்கு ஆள் வர இன்னும் நேரம் இருந்தது. பயிற்சி வண்டியின் பானெட் மேல் படங்களை வரிசையாகப் பரப்பினாள்.

முதல் படத்தில் விலைப் பலகையின் எழுத்துகள் பஞ்சு பஞ்சாக இருந்தன. ‘பாரு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது படத்தில் சுண்ணக்கட்டி இழுத்த கோட்டில் இருந்த சொரசொரப்புகூடத் தெரிந்தது. மூன்றாவது பஞ்சு. நாலாவது துல்லியம். ஐந்தாவது பஞ்சு. கடைசி வரை போனாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. அவள் எடுத்ததெல்லாம் மங்கல், அவன் எடுத்ததெல்லாம் கூர்மை.

ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே கண்ணாடி. அவளே வைத்த டெஸ்ட். மாறியது ஒன்றே ஒன்றுதான்.

அக்காவுக்கு இடது கண்ணை மட்டும்தான் தனியாக மூட வரும். வலது கண்ணைத் தனியாக மூட வராது, மூடப் போனால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். வாழ்நாளில் ஒரு தடவைகூட எந்தக் கேமராவையும் அவள் இடது கண்ணால் பார்த்ததில்லை. இப்போது உள்ளங்கையை எடுத்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தது. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள். அதே சுவர் பால் குறைந்த டீ நிறத்துக்குப் போய்விட்டது. சுவரின் ஓரத்தில் ஒரு நிழல் நின்றது. கேமராவுக்குள் அவள் பார்த்த அதே நிழல்.

இரண்டு கண்ணும் திறந்திருந்த வரையில் இடது கண் வலது கண்ணுக்கும் சேர்த்து உழைத்திருக்கிறது. ரோட்டில் இது தெரியவே இல்லை. ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொல்கிற அந்தப் பழைய பெட்டிகள் மட்டும்தான் மாசக்கணக்காக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. அவள் அத்தனையையும் ஈரம் என்று சொல்லிப் பொட்டலம் வைத்து அடைத்திருந்தாள்.

முதலில் பயம் வந்தது. கண் போய்விட்டால் என்ன ஆவது என்கிற பச்சைப் பயம். அதைத் தள்ளிக்கொண்டு வெட்கம் வந்தது. அது பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வகுப்புக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள். “இன்னிக்கு இல்ல. எப்பன்னு நானே சொல்றேன்” என்றாள். அவர் காரணம் கேட்கவில்லை. அக்காவிடம் யார் கேட்பார்கள்?

வண்டியை நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டு, மூன்று தெருவையும் நடந்தே கடந்தாள். பேக்கரியில் சாயங்காலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வாசலில் நின்றாள். வண்டியில் கத்துகிற அதே குரலில் சொன்னாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கு இவனத் திருடன்னு சொன்னேன். அது தப்பு. இவன் எதையும் எடுக்கல. எனக்குத்தான் கண்ணு சரியில்ல.”

அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இருந்தவர்களில் பாதிப்பேருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. ஒருவர் கையில் இருந்த ரொட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். மூடி தலையை நிமிர்த்தவில்லை. எடைத் தட்டில் பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

“வரிசையில வாங்க அக்கா.”

அக்கா வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்றவர் இடம் விட்டு ஒதுங்கப் பார்த்தார். “வேணாம், நீங்க போங்க” என்றாள். மெல்ல மெல்ல நகர்ந்து வந்தாள். தன் முறை வருவதற்குள் சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்துத் தடவை அடுக்கிப் பார்த்தாள். கல்லாவுக்கு வந்தபோது அடுக்கியதெல்லாம் காணாமல் போயிருந்தது.

“நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். வாயில் வந்தது அதுதான்.

“சொன்னேனே. அதுக்குள்ள திருடனாயிட்டேன். திருடன் சொல்றத நீங்க கேப்பீங்களா?”

காகிதத்தை மடித்துக்கொண்டே மூடி தொடர்ந்தான்.

“அதனாலதான் மாறி மாறி எடுக்கலாம்னு சொன்னேன். நீங்களே பாத்தாத்தான் நம்புவீங்க. டாக்டர்கிட்ட போனீங்களா?”

“இல்ல. போகணும். நீ கூட வரியா?”

“உங்க வீட்டுக்காரர் வரமாட்டாரா?”

“வருவாரு. அவரு வந்தா நான் தைரியமா இருக்கிற மாதிரியே இருக்கணும். முப்பது வருஷமா எல்லார் முன்னாடியும் அப்படியே இருந்துட்டேன். எனக்குப் பயமா இருக்கு மூடி.”

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். மூடி மாவு படாமல் இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கல்லாவைப் பார்த்துக்கொள்ளும்படி உள்ளே திரும்பித் தன் மனைவிக்குக் குரல் கொடுத்தான். கல்லாவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து அவளுக்கு எதிரே நின்றபோதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு” என்றான். “அந்தப் படத்தப் பாத்த பிறகும் நீங்க வரலன்னா என்ன பண்றதுன்னு.”

அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் இறங்கினாள். பிடித்துக்கொள்ளத் தேவையே இல்லை, படி நன்றாகத் தெரிந்தது. இருந்தும் பிடித்துக்கொண்டாள்.